கடலடி வடப் பழுதுகளும் இணையத் தாமதமும்

கடலடி வடம் என்பது கடலின் அடித்தரையில் இடப்பட்டுள்ள தொலைத்தொடர்பு கேபிள். கண்டங்களுக்கிடையே செல்லும் இணையத் தரவு ஏறக்குறைய முழுவதும் இவ்வடங்களின் வழியாகவே செல்கிறது; செயற்கைக்கோள்களின் பங்கு மிகச் சிறியது. உலகக் கடல்களில் ஆண்டுக்கு 150 முதல் 200 வரை வடப் பழுதுகள் நேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மீன்பிடிக் கருவிகளும் கப்பல் நங்கூரங்களுமே காரணம். நிலநடுக்கம், கடலடி நிலச்சரிவு, பாறைகளில் உராய்தல், கருவிக் கோளாறு ஆகியவை எஞ்சியவற்றுக்குக் காரணமாகின்றன.

வடம் அறுந்தால் இணையம் நின்றுவிடும் என்பது பொதுவான எண்ணம். மாற்று வழி உள்ள நாடுகளில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தரவு வேறு வழியில், சில வேளைகளில் பல ஆயிரம் கிலோமீட்டர் சுற்றி, வந்து சேர்கிறது. வீட்டில் இருப்பவர் உணர்வது அந்தச் சுற்றுவழியின் நீளத்தையும் நெரிசலையும்தான். ஆகவே வடப் பழுதுகளின் வரலாறு, எந்த நாட்டுக்கு எத்தனை வழிகள் இருந்தன, அவ்வழிகள் எந்த இடத்தில் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன என்பதன் வரலாறும் ஆகும்.

தாமதம் உண்டாகும் விதம்

இணைய இணைப்பை இரண்டு அளவுகளால் மதிப்பிடலாம். ஒரு நொடியில் எவ்வளவு தரவு செல்லும் என்பது அலைக்கற்றை அகலம். ஒரு தரவுப் பொதி போய், அதற்கான மறுமொழி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது தாமதம். முன்னது சாலையின் அகலம் போன்றது; பின்னது சாலையின் நீளத்தையும் அதிலுள்ள நெரிசலையும் சார்ந்தது. தாமதம் மில்லிநொடியில், அதாவது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளக்கப்படுகிறது.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. எனவே ஒவ்வொரு 1,000 கி.மீ. தொலைவுக்கும் போய்வர 10 மில்லிநொடி ஆகும். ஏறத்தாழ 3,200 கி.மீ. நீளமுள்ள சென்னை–சிங்கப்பூர் வடத்தில் போய்வர 32 மில்லிநொடிக்குக் குறையாது. எவ்வளவு விலை உயர்ந்த வீட்டு இணைப்பாக இருந்தாலும் இந்த அளவைக் குறைக்க முடியாது.

மும்பையிலிருந்து சூயஸ் வழியாக இலண்டனுக்கு வடவழித் தொலைவை 12,000 கி.மீ. என்று கொண்டால், போய்வர 120 மில்லிநொடி ஆகும். அந்த வழி அடைபட்டு, தரவு கிழக்கே சிங்கப்பூர் சென்று, பசிபிக் பெருங்கடலையும் அமெரிக்காவையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து இலண்டனை அடைய வேண்டுமானால் தொலைவு 30,000 கி.மீ. அளவுக்கு நீளும், தாமதம் 300 மில்லிநொடியை எட்டும்.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வலைப்பக்கம் ஒரே பயணத்தில் திறந்துவிடுவதில்லை. நீண்ட காலம் வழக்கில் இருந்த முறையில், இணைப்பை ஏற்படுத்த ஒரு பயணம், மறையாக்கத்துக்கு உடன்பட இரண்டு பயணங்கள், பக்கத்தைக் கேட்டுப் பெற ஒன்று என நான்கு போக்குவரத்துகள் தேவைப்பட்டன. அப்படியானால் 120 மில்லிநொடி ஏறத்தாழ அரை நொடியாகவும், 300 மில்லிநொடி 1.2 நொடியாகவும் பெருகும். பக்கத்துக்குள் வேறு சேவையகங்களிலிருந்து வரவேண்டிய படங்களும் நிரல்களும் இருந்தால் காத்திருப்பு இன்னும் நீளும்.

தொலைவு தாமதத்தின் ஒரு பாதி மட்டுமே. அறுந்த வடத்தின் சுமை எஞ்சிய வடங்களில் ஏறும்போது, வழிச்செயலிகளில் தரவுப் பொதிகள் வரிசையில் நிற்கின்றன. கொள்ளளவின் விளிம்பை நெருங்க நெருங்க வரிசை மிக விரைவாக நீள்கிறது. வரிசை நிரம்பியபின் வரும் பொதிகள் கைவிடப்படுகின்றன. அவற்றை அனுப்பிய கணினி மீண்டும் அனுப்ப வேண்டியிருக்கிறது. பகலில் ஓரளவு இயங்கும் இணைப்பு, எல்லோரும் வீடு திரும்பும் மாலையில் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

தொலைபேசி உரையாடலில் ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்துள்ளது. போய்வர 300 மில்லிநொடி ஆகும் சுற்றுவழி, வரிசையில் நிற்கும் நேரத்தைச் சேர்க்காமலே இந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் போகும்போது இரு பக்கத்தாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, பிறகு ஒரே நேரத்தில் நிறுத்திக்கொள்ளும் நிலை உண்டாகிறது.

தந்திக் காலம்

வடத்தின் தாமதம் இணையத்தைவிடப் பழையது. 1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இடப்பட்ட தந்தி வடம் கிட்டத்தட்ட இட்டவுடனேயே செயலிழந்தது. வலுவான கவசமிட்ட வடம் அடுத்த ஆண்டு இடப்பட்டது. நீண்ட வடங்களைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, கடல்நீர் சூழ்ந்த வடத்தில் மின்குறிகள் கலங்கிப் பரவுவதை வில்லியம் தாம்சன் ஆராய்ந்தார். வடத்தின் நீளம் இரு மடங்கானால் இந்தத் தாமதம் நான்கு மடங்காகும் என்பது அவர் கண்ட விதி.

1858 ஆகஸ்டில் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் வடம் இதை மெய்ப்பித்தது. விக்டோரியா அரசி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 சொற்கள் கொண்ட செய்தி சென்றுசேர ஏறத்தாழ 16 மணி நேரம் ஆனது. குறிகளை விரைவுபடுத்த மிகை மின்னழுத்தம் செலுத்தப்பட்டது. ஏற்கெனவே நலிந்திருந்த வடம் சில வாரங்களில் முற்றிலும் பழுதடைந்தது. 1865இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் இட்ட வடம் நடுக்கடலில் அறுந்து மூழ்கியது. மறு ஆண்டு அதே கப்பல் புதிய வடமொன்றை வெற்றிகரமாக இட்டதோடு, மூழ்கிய வடத்தையும் ஆழ்கடலிலிருந்து கொக்கியால் தூக்கி இணைத்து முடித்தது. கடலடியில் அறுந்த வடத்தைத் தேடி எடுத்துப் பழுது நீக்க முடியும் என்பது அப்போது உறுதியானது.

1870இல் கிரேட் ஈஸ்டர்ன் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே வடம் இட்டது. அவ்வாண்டு ஜூனில் இலண்டனும் பம்பாயும் இணைந்தன. அதற்கு முன் நிலவழித் தந்தியில் நாள் கணக்கில் தாமதமான செய்திகள் மணிக்கணக்குக்குள் வந்தன. தொடர்ந்து சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் வடம் இடப்பட்டு, 1871 தொடக்கத்தில் இணைப்பு முழுமையானது.

இலண்டன்–பம்பாய் வழியில் ஓர் இடம் கவனிக்கத்தக்கது. மத்தியதரைக் கடல் வழியே அலெக்சாந்திரியாவில் கரையேறிய தந்தி, எகிப்தின் நிலப்பகுதியைக் கடந்து சூயஸில் மீண்டும் கடலில் இறங்கியது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே கடல்வழியாகக் குறுகிய பாதை அதுவே. நூற்றாண்டுக்குப் பின் ஒளியிழை வடங்கள் வந்தபோதும் பெரும்பாலானவை அதே எகிப்தையும் அதே செங்கடலையும் தேர்ந்தெடுத்தன.

ஆழ்கடல் நிலச்சரிவுகள்

1929 நவம்பர் 18 அன்று நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே நிலநடுக்கம் ஏற்பட்டது. நடுக்க மையத்தை ஒட்டியிருந்த தந்தி வடங்கள் உடனே அறுந்தன. தொலைவில், ஆழத்தில் கிடந்த வடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, 13 மணி நேரத்துக்கும் மேலாக அறுந்துகொண்டே போயின. ஒவ்வொரு வடமும் எந்த நிமிடத்தில் அறுந்தது என்ற குறிப்பு தந்தி நிலையங்களில் பதிவாகியிருந்தது. 1952இல் புரூஸ் ஹீசன், மாரிஸ் யூயிங் ஆகிய நிலவியலாளர்கள் அந்த நேரங்களை வரிசைப்படுத்தி, சேறும் மணலும் கலந்த பெருநீரோட்டம் கடலடிச் சரிவில் பாய்ந்து சென்றதே காரணம் என விளக்கினர். அறுந்த வடங்களே அந்த ஓட்டத்தின் வேகத்தை அளந்து காட்டின.

இதே நிகழ்வு இணையக் காலத்தில் 2006 டிசம்பர் 26 அன்று தைவானின் தென்முனைக்கு அப்பால் நிகழ்ந்தது. ஹெங்சுன் நிலநடுக்கம் எனப்படும் அந்த நடுக்கத்தின் பின் கடலடிச் சரிவுகள் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்றன. 9 வடங்கள் அறுந்தன. தைவான், ஹாங்காங், சீனா, தென்கிழக்கு ஆசிய நாடுகள் ஆகியவற்றில் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் வங்கிச் சேவைகளும் பாதிக்கப்பட்டன. அண்டை நாடுகளுக்கு இடையே செல்ல வேண்டிய தரவின் ஒரு பகுதி, பசிபிக்கைக் கடந்து அமெரிக்கா சென்று திரும்பியது. 11 கப்பல்கள் 49 நாட்கள் வேலை செய்தபின்னரே பழுதுகள் முழுமையாக நீங்கின.

தைவானுக்கும் பிலிப்பைன்சுக்கும் இடையிலுள்ள லூசோன் நீரிணை, வடகிழக்கு ஆசியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் இணைக்கும் குறுகிய வழி. வடங்கள் வெவ்வேறு நிறுவனங்களுக்கு உரியவையாக இருந்தாலும் ஒரே கடற்பகுதியில் கிடந்ததால் ஒரே நிகழ்வில் அறுந்தன. ஒரு வடத்துக்கு மாற்றாகக் கருதப்பட்ட மற்றொன்றும் உடன் போயிற்று.

2008: அலெக்சாந்திரியா

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியாவை ஒட்டிய மத்தியதரைக் கடலில் சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஐரோப்பா–ஆசியா ஆகிய இரு வடங்கள் அறுந்தன. தென்கிழக்கு ஆசியாவையும் மத்திய கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைக்கும் சீ-மீ-வீ 4, 2005 இறுதியில் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தியாவில் அது மும்பையிலும் சென்னையிலும் கரையேறுகிறது. ஃபிளாக் வடம் 1997 முதல் இயங்கி வந்தது. எகிப்து வழியாக ஐரோப்பாவுக்கு எஞ்சியிருந்தது, கொள்ளளவு குறைந்த பழைய சீ-மீ-வீ 3 வடம்.

எகிப்தில் இணையத்தின் பெரும்பகுதி முடங்கியது. இந்தியாவில் பன்னாட்டு அலைக்கற்றையில் ஏறத்தாழ பாதி இழக்கப்பட்டதாக இணையச் சேவை வழங்குநர்களின் சங்கம் தெரிவித்தது. ஆயினும் இந்தியாவில் இணையம் நிற்கவில்லை. சென்னை–சிங்கப்பூர் வழியே 2002இலும் 2004இலும் பயன்பாட்டுக்கு வந்திருந்த இரு பெரிய வடங்கள் இருந்தன. ஐரோப்பாவுக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் செல்ல வேண்டிய தரவு, அவ்வழியே கிழக்கு நோக்கித் திருப்பப்பட்டது. பெரிய நிறுவனங்கள் பல வழிகளில் அலைக்கற்றையை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததால் விரைவில் மாறிக்கொண்டன. ஒரே வழியை நம்பியிருந்த சிறிய சேவை வழங்குநர்களுக்கும் அவர்களது வீட்டு வாடிக்கையாளர்களுக்கும் அந்த வாய்ப்பு இல்லை.

பிப்ரவரி 1 அன்று துபாய்க்கும் ஓமானுக்கும் இடையே ஃபால்கன் வடமும் அறுந்தது. சில நாட்களுக்குள் பல வடங்கள் அறுந்ததால் நாசவேலை பற்றிய ஐயங்கள் பரவின. ஃபால்கன் அறுந்த இடத்தில் 5 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள, கைவிடப்பட்ட நங்கூரம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அலெக்சாந்திரியாவில் அந்த நேரத்தில் கப்பல்கள் எவையும் அப்பகுதியில் இல்லை என எகிப்து அரசு கூறியது. பிப்ரவரி 10 வாக்கில் இவ்வடங்களில் பழுது நீக்கும் பணி முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று மத்தியதரைக் கடலில் சீ-மீ-வீ 3, சீ-மீ-வீ 4, ஃபிளாக் ஆகிய மூன்றும் மீண்டும் அறுந்தன. இம்முறை பழைய சீ-மீ-வீ 3 வடமும் தப்பவில்லை.

ஒற்றை வழியுள்ள தீவுகள்

சுற்றிச் செல்ல வேறு வழியே இல்லாத இடங்களில் பழுது என்பது தாமதமாக அல்லாமல் துண்டிப்பாகவே வருகிறது. 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் இழுபட்டு சீ-மீ-வீ 3 வடத்தை அறுத்தது. இலங்கையின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் பெருமளவு நின்றன. புலம்பெயர்ந்த உறவுகளோடு தொலைபேசியால் மட்டுமே பிணைந்திருந்த குடும்பங்கள் பல உள்ள நாட்டில் அந்த மௌனத்தின் பொருள் பெரியது. பின்னர் இலங்கைக்குப் பல வடங்கள் வந்தன.

பசிபிக் தீவு நாடான தொங்காவை ஃபிஜியோடு இணைத்தது ஏறத்தாழ 840 கி.மீ. நீளமுள்ள ஒரே வடம். 2022 ஜனவரி 15 அன்று ஹுங்கா தொங்கா எரிமலை வெடித்தபோது அது சிதைந்தது. ஏறத்தாழ ஐந்து வாரங்கள் நாடு முழுவதும் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பதால், அதன் வழியே போய்வர ஏறத்தாழ அரை நொடி ஆகும். அதில் கிடைத்த சிறிய கொள்ளளவையும் ஒரு நாடே பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. வெளித்தீவுகளுக்குச் செல்லும் உள்நாட்டு வடம் சீராக ஓராண்டுக்கு மேல் ஆனது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளும் நெடுங்காலம் செயற்கைக்கோளையே சார்ந்திருந்தன. ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள சென்னை–அந்தமான் வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பின்னரே அந்நிலை மாறியது.

செங்கடல்

2024 பிப்ரவரி 18 அன்று செங்கடலின் தென்வாயில் ஏவுகணையால் தாக்கப்பட்ட ரூபிமார் என்ற சரக்குக் கப்பலை மாலுமிகள் நங்கூரமிட்டுக் கைவிட்டனர். கப்பல் பல நாட்கள் மிதந்து சென்று மார்ச் 2 அன்று மூழ்கியது. இடையில், பிப்ரவரி 24 அன்று, அப்பகுதியில் ஏஏஈ-1, ஈஐஜி, சீகாம் ஆகிய வடங்கள் சேதமடைந்தன. கப்பல் இழுத்துச் சென்ற நங்கூரமே காரணமாக இருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. போர்ப்பகுதியில் பழுதுநீக்கும் கப்பலுக்கு இசைவும் பாதுகாப்பும் பெற வேண்டியிருந்ததால் பணி மாதக்கணக்கில் நீண்டது.

2025 செப்டம்பர் 6 அன்று சவூதி அரேபியாவின் ஜித்தாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஐ-மீ-வீ ஆகிய வடங்கள் பழுதடைந்தன. இந்தியா, பாகிஸ்தான், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட நாடுகளில் இணையம் மந்தமானது. மத்திய கிழக்கு வழியாகச் செல்லும் போக்குவரத்தில் தாமதம் கூடக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட் தன் மேகக்கணிமைப் பயனர்களுக்கு அறிவித்தது. 2008இன் அறிவிப்புகள் இழந்த அலைக்கற்றையைக் கணக்கிட்டன. 2025இன் அறிவிப்பு தாமதத்தையே முதன்மைப்படுத்தியது. இடைப்பட்ட காலத்தில் மாற்று வழிகள் பெருகியிருந்தன. ஆனால் அவை இன்னும் நீண்ட வழிகளாகவே இருந்தன.

பழுது நீக்கும் முறை

கரையிலுள்ள நிலையத்திலிருந்து இழைக்குள் ஒளித்துடிப்பு அனுப்பப்படுகிறது. அறுந்த இடத்தில் அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு பழுதின் தொலைவு கணிக்கப்படுகிறது. பழுதுநீக்கும் கப்பல் அவ்விடம் சென்று, கொக்கியால் வடத்தின் ஒரு முனையைத் தூக்கிச் சோதித்து, மிதவையில் கட்டி வைக்கிறது. பின் மறுமுனையை எடுத்து, இடையில் புதிய துண்டைச் சேர்த்து, முடியளவு மெல்லிய இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்டுகிறது. 1866இல் பயன்பட்ட கொக்கிமுறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை.

ஆழ்கடலில் வடம் தோட்டத்து நீர்க்குழாயின் தடிமனே உடையது. ஆபத்து மிகுந்த கரையோரத்தில் எஃகுக் கம்பிக் கவசமிட்டு, கடல்தரையில் புதைத்து இடுகின்றனர். பழுது நீக்க ஆகும் காலத்தில் பெரும்பகுதி, ஒட்டும் வேலைக்கு அல்ல. கப்பல் வந்து சேரவும், வானிலை ஒத்துழைக்கவும், அந்தக் கடற்பகுதிக்குரிய நாட்டின் இசைவு கிடைக்கவும் செலவாகிறது.

வீட்டுப் பயனரின் நிலை

2008க்குப் பின் மூன்று மாற்றங்கள் வீட்டுப் பயனருக்கு உதவின. முதலாவது, வடங்களின் எண்ணிக்கை கூடியது. இரண்டாவது, பெரிய நிறுவனங்கள் தங்கள் காணொளிகளையும் படங்களையும் சென்னை, மும்பை போன்ற நகரங்களிலேயே படியெடுத்து வைக்கத் தொடங்கின. மூன்றாவது, இணைப்பு நெறிமுறைகள் திருத்தப்பட்டன. 2018இல் வெளியான டிஎல்எஸ் 1.3, மறையாக்க உடன்பாட்டுக்கான பயணங்களை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்தது. 2021இல் தரப்படுத்தப்பட்ட குவிக், இணைப்பையும் மறையாக்கத்தையும் ஒரே பயணத்தில் சேர்த்தது. ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாத நிலையில், பயணங்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது.

இதனால் இன்று ஒரு வடம் அறுந்தால் அதன் விளைவு வீட்டுக்குள்ளேயே சீரற்றுத் தெரிகிறது. அருகிலுள்ள நகரத்தில் படி இருக்கும் திரைப்படம் தடையின்றி ஓடும். அதே இணைப்பில், ஐரோப்பியச் சேவையகத்தில் நடக்கும் விளையாட்டு தடுமாறும். வெளிநாட்டு அலுவலகக் கணினியோடு வேலை செய்பவர் ஒவ்வொரு சொடுக்குக்கும் காத்திருப்பார். வளைகுடாவில் இருப்பவரோடு பேசும் குடும்பத்தில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். உள்நாட்டுச் சேவையகங்களுக்கான தாமதம் வழக்கம்போல் இருந்து, வெளிநாட்டுச் சேவையகங்களுக்கு மட்டும் கூடியிருந்தால், கோளாறு வீட்டு வைஃபையிலோ தெருவின் கம்பியிலோ இல்லை என அறியலாம்.

எகிப்தும் செங்கடலும் லூசோன் நீரிணையும் இன்றும் வடங்கள் நெருங்கிக் கிடக்கும் இடங்களாகவே உள்ளன. குறுகிய வழியில் வடம் இடுவது செலவையும் தாமதத்தையும் குறைக்கிறது. எல்லா வடங்களும் அதே வழியில் கிடப்பது, பழுது நேரும் நாளில் இரண்டையும் கூட்டுகிறது. பல வழிகளுக்குப் பணம் செலுத்த முடிந்தவர்களுக்கு அந்த நாள் சில மில்லிநொடி இழப்போடு கடந்துவிடுகிறது. அதைச் செலுத்த முடியாத சிறிய வழங்குநர்களும், ஒற்றை வடத்தில் தொங்கும் தீவுகளும் பழுதுநீக்கும் கப்பலுக்காகக் காத்திருக்கின்றனர்.